சிம்லாவில் தொடங்கி ஸ்பிதி வழியாக மணாலி: சைக்கிள் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்கு இரண்டு வாசல்கள். மணாலி பக்கம் நுழைந்தால் மூன்றாம் நாளே குன்சும் கணவாயில், 4,551 மீட்டரில் நிற்பீர்கள். அங்கே கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ 57 சதவீதம்தான். சிம்லா பக்கம் நுழைந்தால் அதே உயரத்தைத் தொட இரண்டு வாரம் ஆகும். தூரம் கூடுதல், முதல் மூன்று நாள் லாரிப் புகையும் உண்டு. ஆனாலும் முதல்முறை போகிறவர்களுக்குச் சிம்லா வழிதான் சரி. இந்தச் சாலையில் பாதியில் திரும்புகிறவர்களில் பலருக்குக் கால் வலு குறைவில்லை. உடம்பு பழகுவதற்குள் மேலே போய்ப் படுத்ததும், பிற்பகலில் கடக்கக் கூடாத இடத்தைப் பிற்பகலில் கடக்கப் பார்த்ததுமே காரணம். கீழே வரும் திட்டம் முழுவதும் இந்த இரண்டையும் சுற்றியே போடப்பட்டது.

சிம்லா, நார்கண்டா, ராம்பூர், ரெக்காங் பியோ, நாக்கோ, தாபோ, காஸா, லோசர், குன்சும், பாதல், சத்ரு, ரோத்தாங், மணாலி என்று போகும் பாதை ஏறத்தாழ 650 கி.மீ. பக்கத்துக் கிராமங்களையும் சேர்த்தால் 700ஐத் தாண்டும். ஓய்வு நாட்களோடு 18 நாள் வைத்துக்கொள்ளுங்கள். மண்சரிவுக்கென்று மேலும் 2 நாள் கையிருப்பு வேண்டும். திரும்பும் ரயில் டிக்கெட்டை 16ஆம் நாளுக்குப் போட்டுவிட்டுக் கிளம்பினால், அந்தத் தேதியே உங்களை ஓடவேண்டாத இடத்தில் ஓட வைக்கும்.

எந்த மாதம்

செப்டம்பர் முதல் வாரம் தொடங்கி அக்டோபர் முதல் வாரத்துக்குள் முடிப்பது நல்லது. குன்சும் பொதுவாக மே இறுதியிலோ ஜூனிலோ திறந்து, அக்டோபர் நடுவிலிருந்து எப்போது வேண்டுமானாலும் பனியில் மூடும். ஜூனில் பனி உருகி ஓடைகள் நிரம்பி ஓடும். ஜூலை, ஆகஸ்டில் ஸ்பிதி மழை மறைவில் வறண்டு கிடந்தாலும், அங்கே போய்ச் சேரும் வழியான கின்னௌர் நனைந்து சரியும். 2021 ஆகஸ்ட் 11 அன்று நிகுல்சாரியில் மலை சரிந்து, பேருந்து உட்படச் சாலையில் நின்ற வாகனங்களைப் புதைத்தது. அந்த இடம் நம் பாதையிலேயே இருக்கிறது. மழை பெய்த மறுநாள் ஜியோரிக்கும் வாங்டுவுக்கும் நடுவே சைக்கிளில் போகாதீர்கள். மழை விட்ட பிறகும் ஊறிய மண் ஒரு நாளாவது இறங்கிக்கொண்டே இருக்கும்.

வண்டி

எம்.டி.பி. எனப்படும் மலைப்பாதைச் சைக்கிள் அல்லது அகல டயர் போடக்கூடிய டூரிங் சைக்கிள் வேண்டும். சஸ்பென்ஷன் கட்டாயமில்லை, கியர் கட்டாயம். முன்னால் 22 பல், பின்னால் 36 பல் இருந்தால் விகிதம் 0.61. 29 அங்குலச் சக்கரத்தில் நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு ஏறத்தாழ 5 கி.மீ. நகர்வீர்கள். 15 கிலோ சுமையோடு 8 சதவீத ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் ஏற இதுதான் தேவை. முன்னால் 34, பின்னால் 32 என்று ரோடு பைக்கில் வந்தால் அதே ஏற்றத்தில் அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 35 மிதிதான் வரும். முழங்கால் இரண்டாம் நாளே பேசத் தொடங்கும்.

டயர் 2.0 முதல் 2.25 அங்குலம். தார்ச் சாலைக்குக் காற்றழுத்தம் 50 பி.எஸ்.ஐ., நாக்கோவுக்குப் பிறகு வரும் கரடுமுரடுக்கு 35 முதல் 40. அதற்கும் கீழே இறக்கினால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரட்டைத் துளை விழும். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், கடற்கரை ஊரில் அடித்த காற்று 4,500 மீட்டரில் 6 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். எனவே காற்றைச் சிம்லாவில் ஒருமுறை, காஸாவில் ஒருமுறை சரிபாருங்கள்.

கிளம்பும் முன் கடையில் கொடுத்து இரண்டு சக்கரத்துக்கும் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். போக்ஸ் கம்பி அறுவது பெரும்பாலும் பின்சக்கரத்தில், கேசட் (கியர்ப் பற்சக்கரத் தொகுதி) இருக்கும் பக்கத்தில்தான். அந்தப் பக்கக் கம்பிகள் மற்றவற்றைவிட இறுக்கமாக இருக்கும், சுமையும் அங்கேயே ஏறும். அந்தப் பக்க அளவில் 3 கம்பியும் எதிர்ப் பக்க அளவில் 1 கம்பியும் நிப்பிளோடு வாங்கிச் சட்டத்தில் டேப் போட்டு ஒட்டிவையுங்கள். கம்பி அளவு சக்கரத்துக்குச் சக்கரம் மாறும். வழியில் எந்த ஊரிலும் உங்கள் அளவு கிடைக்கும் என்று நம்பாதீர்கள்.

செயின் 0.75 சதவீதம் நீண்டிருந்தால் புதிது போடுங்கள், புதுச் செயினில் குறைந்தது 100 கி.மீ. ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். டிஸ்க் பிரேக் என்றால் உலோகக் கலவை பேட் போடுங்கள். ரெசின் பேட் சத்தமில்லாமல் பிடிக்கும், ஆனால் ஈரமும் மணலும் கலந்த சேற்றில் சீக்கிரம் தேய்ந்துவிடும். கூடுதலாக 2 ஜோடி எடுத்துச் செல்லுங்கள். பேட் 1 மி.மீ.க்கு வந்ததும் மாற்ற வேண்டும், குன்சும் இறக்கத்துக்குக் காத்திருக்கக் கூடாது. கேரியரைப் பிடிக்கும் எம்5 போல்ட்டுகள்தான் அதிகம் கழன்று விழுகிறவை. அவற்றில் மரை கழலாமல் பிடிக்கும் பசையான நீல நிறத் திரெட் லாக்கர் தடவி, மாலைதோறும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். 4 போல்ட் உபரியாக வேண்டும். இவற்றோடு டியூப் 3, பஞ்சர் பட்டை, டயர் கிழிந்தால் உள்ளே வைக்கப் பழைய டயர்த் துண்டு, செயின் கட்டர், இணைப்புக் கண்ணி 2, உங்கள் சட்டத்துக்கே உரிய டெரெய்லர் ஹேங்கர் (கியர் மாற்றும் டெரெய்லரைச் சட்டத்தில் பிடிக்கும் துண்டு) 1, கியர் கேபிள் 1, நைலான் டை ஒரு கட்டு. டெரெய்லர் ஹேங்கரை மறக்கிறவர்கள் அதிகம். பேருந்தின் மேல்கூரையில் வண்டி ஒருமுறை சாய்ந்தாலே அது வளைந்துவிடும். அதன் வடிவம் மாடலுக்கு மாடல் வேறு என்பதால் வேறொன்றைப் போட்டு ஒப்பேற்றவும் முடியாது.

சுமை 12 முதல் 15 கிலோவுக்குள் இருக்கட்டும். முழுவதையும் பின்னால் கட்டாதீர்கள். கனமான கருவிகளையும் உணவையும் முன்னால் தாழ்வாகக் கட்டினால் ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்காது, பின்கம்பிகளும் பிழைக்கும்.

சிம்லா வரை வண்டியைக் கொண்டுபோவது

ரயில் என்றால், புறப்படும் நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் பயணச்சீட்டைக் காட்டி, நீங்கள் போகும் அதே ரயிலின் பிரேக் வேனில் லக்கேஜாகப் பதியுங்கள். பார்சல் என்று பதிந்தால் அது பின்னால் வரும் ஏதோ ஒரு ரயிலில் வரலாம். சில மணி நேரம் முன்னதாகப் போங்கள். வண்டியின் மேல் பெயர், கைபேசி எண், சேருமிடம் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் கட்டுங்கள். டெரெய்லர் பக்கம் தடிமனான அட்டை சுற்றுங்கள்.

விமானம் என்றால் சைக்கிள் கடையில் பழைய அட்டைப்பெட்டி கேட்டு வாங்கலாம். பெடல்களைக் கழற்றுங்கள், இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை என்பதால் கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் இறுக்கி இறுக்கிக் கிராங்கையே கெடுத்தவர்கள் உண்டு. ஹேண்டில்பாரைக் கழற்றிச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி, முன்சக்கரத்தை எடுத்து, பிரேக் பேட்களுக்கு நடுவே மடித்த அட்டையைச் செருகுங்கள். செருகாமல் யாராவது லீவரை அழுத்தினால் ஹைட்ராலிக் பிஸ்டன் வெளியே வந்து ஒட்டிக்கொள்ளும். பின் டெரெய்லரை ஹேங்கரிலிருந்து கழற்றிச் சட்டத்துக்குள் பக்கம் கட்டிவிடுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், எரிவாயு உருளை எந்தப் பையிலும் கூடாது. பாதை முழுக்க உணவு கிடைப்பதால் அடுப்பை விட்டுவிட்டே போகலாம்.

டெல்லி காஷ்மீரி கேட்டிலிருந்து சிம்லாவுக்கு அரசுப் பேருந்துகள் உண்டு. வண்டியை மேலே ஏற்றினால் நீங்களே ஏறிக் கட்டுங்கள், டெரெய்லர் பக்கம் மேல்நோக்கி இருக்கட்டும்.

அனுமதிச்சீட்டு, பணம், தொலைபேசி

இந்தியக் குடிமக்களுக்கு அனுமதிச்சீட்டு வேண்டாம், சும்டோ சோதனைச் சாவடியில் காட்ட அடையாள அட்டை போதும். இலங்கை, மலேசியா, கனடா என்று வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர் கூட வந்தால், பியோவுக்கும் சும்டோவுக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதிக்கு அவருக்கு இன்னர் லைன் பெர்மிட் தேவை. ரெக்காங் பியோவில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ச் சேராதபடி நாளைக் கணக்கிடுங்கள்.

பியோவிலும் காஸாவிலும் ஏ.டி.எம். உண்டு, காஸாவில் பணம் தீர்ந்து கிடப்பதும் உண்டு. பியோவிலேயே பத்து நாள் செலவுக்கு ரொக்கம் எடுத்துவிடுங்கள். லோசரைத் தாண்டிவிட்டால் ரோத்தாங்கின் அந்தப் பக்கம் இறங்கும் வரை கைபேசியை நம்ப வேண்டாம். கிளம்பும் முன்னரே வீட்டில் 'மூன்று நாள் பேச்சு இருக்காது' என்று சொல்லிவிடுவது நல்லது.

உயரத்துக்கு உடம்பைப் பழக்குவது

3,000 மீட்டருக்கு மேல் கணக்குப் பார்க்க வேண்டியது இரவு படுக்கும் உயரத்தை. பகலில் எவ்வளவு ஏறினாலும் இறங்கி வந்து படுத்தால் நல்லதே. ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, 1,000 மீட்டர் கூடினால் ஒரு நாள் ஓய்வு. தலைவலியோடு பசியின்மை, குமட்டல், தூக்கமின்மை இவற்றில் ஒன்று சேர்ந்தால் அது மலைநோய் என்றே வைத்துக்கொண்டு அன்று மேலே போகாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், நடை தள்ளாடினாலும், பேச்சு குழறினாலும் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கிறது என்று பொருள். விடியட்டும் என்று காத்திராமல் உடனே வாகனம் பிடித்துக் கீழே இறக்க வேண்டும். அசெட்டசோலமைடு 125 மி.கி. காலை, மாலை என்று மேலேறும் முந்தைய நாள் தொடங்குவது வழக்கம். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு அது ஆபத்து என்பதால் உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே வாங்குங்கள். மது வேண்டவே வேண்டாம். தண்ணீர் நாளுக்கு 4 லிட்டர். காற்று வறண்டிருப்பதால் வியர்வை தெரியாது, ஆனால் உடம்பு வற்றும்.

உடலைப் பழக்கக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் மேட்டுப்பாளையம்–கோத்தகிரி ஏற்றமும் நல்ல இடங்கள். சுமை கட்டிக்கொண்டு அடுத்தடுத்த இரண்டு நாள் கோத்தகிரி ஏற முடிந்தால் கால் தயார் என்று கொள்ளலாம். நுரையீரலுக்கு இங்கே பயிற்சி இல்லை. தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான், முதல் நாள் தங்கும் நார்கண்டா அதைவிட உயரம்.

சிம்லா முதல் கல்பா வரை

முதல் நாள் குஃப்ரி, தியோக் வழியாக நார்கண்டா, 62 கி.மீ. ஊரின் நெரிசலைத் தாண்ட 6 மணிக்கே கிளம்புங்கள். இரண்டாம் நாள் 2,700 மீட்டரிலிருந்து சட்லெஜ் கரைக்கு நீண்ட இறக்கம், பிறகு ஆற்றோரமாக ராம்பூர், 65 கி.மீ. ராம்பூர் 1,000 மீட்டரை ஒட்டியே இருப்பதால் வெயில் சுள்ளென்று அடிக்கும். இந்த இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே போகாமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, வளைவு தாண்டி முழுதாக விடுங்கள். விட்டுப் பிடித்தால்தான் டிஸ்க் ஆறும். ரிம் பிரேக் வண்டியில் தொடர்ந்து பிடித்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும்.

மூன்றாம் நாள் டாப்ரி, ஏறத்தாழ 65 கி.மீ. பாறையைக் குடைந்து வெட்டிய சாலை இங்கே தொடங்குகிறது. தலைக்கு மேல் பாறை, பக்கத்தில் பள்ளம். எதிரே லாரி வந்தால் பள்ளத்துப் பக்கம் ஒதுங்காதீர்கள், மலைப் பக்கம் நின்றுவிடுங்கள். நான்காம் நாள் கர்ச்சம், பொவாரி வழியாகப் பியோ ஏறி, அங்கேயே நிற்காமல் கல்பாவுக்குப் போய்ப் படுங்கள். பியோ 2,290 மீட்டர், கல்பா 2,960. அந்த 670 மீட்டர் வித்தியாசம் நாக்கோவில் உதவும். எதிரே கின்னர் கைலாசம் நிற்கும் ஊரில் ஒரு நாள் ஓய்வு எடுக்கத் தயங்க வேண்டியதில்லை.

நேரம் இருந்தால் கர்ச்சத்தில் வலப்பக்கம் திரும்பிச் சாங்லா வழியாகச் சித்குல் போய்வாருங்கள். 40 கி.மீ. தூரம், 3,450 மீட்டர் உயரம். அங்கே ஓர் இரவு படுத்து வந்தவருக்கு நாக்கோவில் தலைவலி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

நாக்கோ ஏற்றம்

கல்பாவிலிருந்து ஸ்பில்லோ வழியாகப் பூஹ் வந்து தங்குங்கள். அடுத்த நாள்தான் இந்தப் பயணத்தின் முதல் உண்மையான சோதனை. பூஹிலிருந்து காப் வரை ஆற்றோரமாக ஏறத்தாழ 12 கி.மீ. அங்கே ஸ்பிதி ஆறு சட்லெஜில் கலக்கிறது, பாலம் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. கா கிராமத்து வளைவுகள் வழியாக 3,660 மீட்டருக்கு ஏற வேண்டும். நிழல் இல்லை, கடை இல்லை, குடிநீரை நம்ப முடியாது. காப்பைத் தாண்டும்போது ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர் இருக்க வேண்டும். காலை 5:30க்குக் கிளம்பினால் வளைவுகளில் பாறை சூடேறும் முன் பாதிக்கு மேல் ஏறிவிடலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நாலு வாய் தண்ணீர், மணிக்கு ஒருமுறை உப்புச் சேர்ந்த ஏதாவது. பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

நாக்கோவில் மறுநாள் கட்டாய ஓய்வு. பூஹ் இரவிலிருந்து நாக்கோ இரவுக்கு 1,000 மீட்டர் கூடுகிறது. மேலே சொன்ன விதியை இந்தப் பாதையில் பெரிதாக மீற நேரும் இடம் இதுதான். நடுவில் தங்க ஏற்ற ஊர் இல்லாததால் ஓய்வு நாளைக் கொண்டே ஈடுகட்ட வேண்டும்.

நாக்கோ முதல் காஸா வரை

நாக்கோவை அடுத்து வரும் மாலிங் பகுதியில் எப்போதும் கல் உருளும். பனி உருகுவதும் காற்று எழும்புவதும் நண்பகலுக்குப் பிறகு என்பதால் கற்களும் அப்போதே அதிகம் இறங்கும். 8 மணிக்குள் கடந்துவிடுங்கள். ஹெல்மெட் கழற்றாமல், காதில் பாட்டு இல்லாமல், இருவர் போனால் ஒருவர் மேலே பார்த்துக் குரல் கொடுக்க மற்றவர் கடக்க வேண்டும். நடுவில் படம் எடுக்க நிற்கக் கூடாது.

அங்கிருந்து சாங்கோ, சும்டோ, ஹுர்லிங் வழியாகத் தாபோ, ஏறத்தாழ 65 கி.மீ. தாபோ 3,280 மீட்டர் என்பதால் நாக்கோவைவிடத் தாழ்வு, நல்ல தூக்கம் வரும். இங்குள்ள மண்ணாலான பௌத்த மடம் கி.பி. 996இல் எழுந்தது. உள்ளே சுவரோவியங்களைக் காண டார்ச் கொண்டுபோங்கள், படம் எடுக்க அனுமதி இல்லை. மறுநாள் 24 கி.மீ. போய் ஷிச்லிங்கில் பிரிந்து 8 கி.மீ. ஏறினால் தங்கர், 3,890 மீட்டர். அங்கே படுத்து அடுத்த நாள் காஸா. தலை கனத்தால் தங்கர் ஏற்றத்தை விட்டுவிட்டு நேரே காஸா போங்கள்.

காஸாவில் மூன்று இரவாவது வேண்டும். சுமையைக் கழற்றிவைத்துவிட்டுக் கீ மடம், கிப்பர் ஒரு நாள். லாங்சா, ஹிக்கிம், கோமிக் மறுநாள். கோமிக் 4,587 மீட்டர், குன்சுமைவிட உயரம். அங்கே போய்விட்டுக் காஸாவுக்கு இறங்கிப் படுப்பதுதான் குன்சுமுக்கான ஒத்திகை. ஹிக்கிம் அஞ்சலகம் 1983 முதல் இயங்குகிறது. வீட்டுக்கு ஒரு கார்டு போட நினைத்தால் ஞாயிறு தவிர்த்துப் போங்கள். லாங்சாவில் பழங்கடலின் சங்குப் புதைபடிவங்களைக் குழந்தைகள் விற்க வருவார்கள். வாங்காதீர்கள், அவை அந்த மண்ணிலேயே இருக்கட்டும்.

கிப்பரிலிருந்து சிச்சம் பாலம் தாண்டி லோசர் சாலையைப் பிடிக்கும் வழியும் உண்டு. 2017இல் பாலம் திறக்கும் முன் அந்தப் பிளவைக் கம்பிவடத்தில் தொங்கும் கூடையில்தான் கடந்தார்கள். சுமையோடு போகிறவருக்கு ஏற்றம் கூடுதல், வாகனம் குறைவு. காற்று அமைதியான நாளில் இந்த வழியையே எடுங்கள்.

குன்சும், ஓடைகள், இறக்கம்

லோசர் 4,080 மீட்டர், காஸாவிலிருந்து 58 கி.மீ. அங்கிருந்து கணவாய்க்கு 19 கி.மீ.; சராசரி ஏற்றம் 2.5 சதவீதம்தான், தாளில் பார்த்தால் எளிது. மெல்லிய காற்றும் சல்லி மண்ணும் சேர்ந்து அதை நான்கு மணி நேரமாக்கும். உச்சியில் குன்சும் தேவி கோயிலையும் சோர்டன்கள் எனப்படும் பௌத்தத் தூபிகளையும் வண்டிகள் வலம் வந்தே போகும், நீங்களும் அப்படியே போகலாம். அங்கே அரை மணிக்கு மேல் நிற்காதீர்கள். இறங்கும் முன் வியர்த்த சட்டையை மாற்றிக் காற்றுத்தடுப்பு உடை, முழுக் கையுறை போடுங்கள். சட்டைக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே செய்தித்தாளை மடித்து வைத்தால் நெஞ்சில் குளிர் இறங்காது. பாதல் வரை 12 கி.மீ. உதிரிக்கல் வளைவுகள். முன்பிரேக்கை வளைவின் நடுவே பிடித்தால் சக்கரம் வழுக்கும்.

சந்திரதால் ஏரிக்குச் செல்லும் கிளைச்சாலை பாதலுக்குச் சற்று முன்னரே பிரியும். ஏரிக்கரையில் கூடாரம் அடிக்கத் தடை, முகாம்கள் தள்ளியே இருக்கின்றன.

பாதலிலிருந்து சத்ரு வரை ஏறத்தாழ 31 கி.மீ., மொத்தத்தில் 600 மீட்டர் இறக்கம். இருந்தும் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். சாலை பல இடங்களில் ஆற்றுப்படுகைபோல் உருண்டைக் கல்லாகவே இருக்கும், ஓடைகள் சாலையின் மேலேயே ஓடும். பனியாற்று நீர் விடியற்காலையில் கணுக்கால் அளவு, மாலை 4 மணிக்குத் தொடையளவு. 6 மணிக்குக் கிளம்புவதுதான் இங்கே பாதிப் பாதுகாப்பு.

ஓடை வந்தால் முதலில் நில்லுங்கள். வாகனத் தடம் எங்கே போகிறது, நீர் எங்கே அகலமாகப் பரவுகிறது என்று பாருங்கள். அகலமான இடம் ஆழம் குறைந்த இடம். முழங்காலுக்கு மேல் என்று தோன்றினால் பைகளைக் கழற்றி இரண்டு நடையாகக் கொண்டுபோங்கள். காலுறையைக் கழற்றிச் செருப்பு மாட்டுங்கள், வெறுங்காலோடு இறங்க வேண்டாம். குளிரில் கால் மரத்துக் கல் கிழிப்பது தெரியாது. சைக்கிள் நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். மேல்பக்கம் பிடித்தால் வெள்ளம் அதை உங்கள் காலில் தள்ளிச் சாய்த்துவிடும். இழுத்தால் வண்டியை விட்டுவிடுங்கள். கரை ஏறியதும் பிரேக்கை நாலைந்து முறை அழுத்திப் பேடைக் காயவைத்து, செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். இதைச் செய்யாவிட்டால் மணல் அரைத்தே அடுத்த இரண்டு நாளில் செயின் பாதி ஆயுளை இழக்கும்.

சத்ருவிலிருந்து 17 கி.மீ. போனால் கிராம்ஃபூ. இடப்பக்கம் ஏறுவது ரோத்தாங், 3,978 மீட்டர். நேரே இறங்கினால் கோக்சர், அப்பால் 2020இல் திறந்த 9.02 கி.மீ. அடல் சுரங்கம். புகை தேங்கும் அந்தக் குழாய்க்குள் சைக்கிள் மிதிக்க நினைக்காதீர்கள். உடல்நிலையோ வானிலையோ சரியில்லை என்றால் கோக்சரில் பிக்கப் வண்டியில் ஏற்றி மறுபக்கம் இறங்குங்கள். சரியாக இருந்தால் ரோத்தாங் ஏறுங்கள். இத்தனை நாள் பழகிய உடம்புக்கு அது எளிய ஏற்றமாகத் தெரியும்.

உச்சியிலிருந்து மணாலிக்கு 51 கி.மீ. இறக்கம். கிளம்பும் முன் பிரேக் பேடைப் பாருங்கள், கையிருப்பு ஜோடியை மாற்ற வேண்டிய இடம் பெரும்பாலும் இதுதான். பனிமூட்டம் இருந்தால் முன்னும் பின்னும் விளக்கு போட்டு, மர்ஹியில் நிறுத்தி டிஸ்க்கை ஆறவிட்டுப் போங்கள். மணாலி சேர்ந்த அன்றே வண்டியைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். பேருந்தின் அடியறையில் மற்றவர் பெட்டிகளோடு போக வேண்டிய வண்டி அது. சேறு காய்ந்துவிட்டால் டெரெய்லர் ஸ்பிரிங்கிலிருந்து அதைச் சுரண்டி எடுக்க ஒரு பகல் போய்விடும்.